எத்தனை ஜி.பி. என்பது மட்டும் போதாது



"500 ஜி.பி. லேப்டாப் சார், ஆனாலும் ஏன் இவ்வளவு மெதுவாக ஓடுகிறது?" என்று பலர் கேட்கிறீர்கள். 500 என்பது சேமிப்பிடம். புத்தக அலமாரி மாதிரி. ரேம் என்பது மேசை. அலமாரி எவ்வளவு பெரிதாக இருந்தாலும், மேசை சிறிதென்றால் நாலு புத்தகத்தை விரித்து வைக்க முடியாது. இன்றைக்கு 4 ஜி.பி. ரேம் போதாது, 8 ஆவது வேண்டும்.

அலமாரியிலும் இரண்டு வகை. ஹார்டு டிஸ்கில் தட்டு சுழன்றுதான் தகவலை எடுக்கும். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே இல்லை. அதனால்தான் அந்த வேகம்.

பிள்ளையின் லேப்டாப் மெதுவானதும் கடன் வாங்கிப் புதிது வாங்காதீர்கள். ரேமைக் கூட்டலாமா, எஸ்.எஸ்.டி. போடலாமா என்று முதலில் கடையில் கேளுங்கள். சில மாடல்களில் ரேம் போர்டோடு பற்றவைத்தே வரும். பிறகு மாற்ற முடியாது. புதிது வாங்கும்போதும் இதைக் கேட்டு வாங்குங்கள். கேட்பதில் வெட்கமே வேண்டாம்!