காவல் காக்கும் போன் கைகொடுக்குமா?

 

கம்ப்யூட்டர் படிக்கும் மகன் வீட்டில் இருந்தால் இந்தக் கேள்வி ஒருநாள் உங்களிடமும் வரும். "உம்மா, வாப்பா கட்டாரிலிருந்து வரும்போது எனக்கு ஒரு லினக்ஸ் போன் வாங்கிவரச் சொல்லுங்களேன். அதில் யாரும் நம்மை வேவு பார்க்க முடியாது!" கேள்விப்படாத பெயராக இருக்கிறதே என்று உடனே மறுத்துவிடாதீர்கள். பிள்ளை ஆசைப்படுகிறானே என்று தலையாட்டியும் விடாதீர்கள். விஷயத்தை முதலில் விளங்கிக்கொள்வோம்.

லினக்ஸ் என்பது பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிவைத்த மென்பொருள். அதன் உள்ளே என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதை யாரும் வாசிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். கைமருந்தின் பக்குவத்தை ஒளித்து வைக்காமல் ஊருக்கே எழுதிக் கொடுப்பதைப் போன்றது இது. நமது நாட்டுக்கும் இந்த வழியில் பெருமை உண்டு. 2004 சுனாமியின் பின் காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவுசெய்ய இலங்கைத் தொண்டர்கள் உருவாக்கிய 'சஹானா' இப்படித் திறந்து வைக்கப்பட்ட மென்பொருளே. பின்னர் அது வேறு நாடுகளின் அனர்த்தங்களிலும் பயன்பட்டது.

உங்கள் கையில் இருக்கும் அன்ட்ராய்ட் போனின் அடித்தளமும் லினக்ஸ்தான். ஆனால் அதன்மேல் கூகுள் நிறுவனம் தன்னுடைய சேவைகளை அடுக்கியிருக்கிறது. அந்த அடுக்கு இல்லாத போனையே மகன் கேட்கிறான்.

அவனுடைய ஆசையில் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவின் பியூரிசம் நிறுவனம் 2017இல் அறிவித்த 'லிப்ரெம் 5' போனின் பக்கவாட்டில் மூன்று சுவிட்சுகள் உள்ளன. ஒன்றைத் தள்ளினால் கமராவும் ஒலிவாங்கியும் அணைந்துவிடும். மற்றொன்று வைஃபையை அணைக்கும்; இன்னொன்று தொலைபேசி இணைப்பையே அணைக்கும். மின்சாரமே துண்டிக்கப்படுவதால் எந்தச் செயலியாலும் அதைத் திருட்டுத்தனமாக மீண்டும் திறக்க முடியாது. பைன்64 நிறுவனம் 2021இல் அறிவித்த 'பைன்போன் புரோ'வில் இத்தகைய சுவிட்சுகள் பின்மூடிக்குள் இருக்கின்றன.

இதன் அருமை பெண்களாகிய நமக்கு நன்றாகப் புரியும். தலையில் துணியில்லாமல் இருக்கும்போதும், குழந்தைக்குப் பால் கொடுக்கும்போதும், கமரா உள்ள ஒரு பொருள் பக்கத்திலேயே கிடக்கிறதே! அனுமதியின்றிப் பிறர் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதையும், பிறர் குறையைத் துருவுவதையும் தடுத்த மார்க்கம் நம்முடையது. பாதுகாப்பை விரும்பும் பிள்ளையைப் பரிகசிக்க வேண்டாம்.

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம்.

லிப்ரெம் 5க்கு ஆரம்ப விலை 599 டொலர். முன்பணம் கட்டிய பலர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். கைக்கு வந்த போனின் நினைவகமோ 3 ஜிகாபைட்தான். பைன்போன் புரோவின் விலை 399 டொலராக இருந்தது. நமது காசுக்கு ஒரு இலட்சம் ரூபாவைத் தாண்டும். 4 ஜிகாபைட் நினைவகமும் 128 ஜிகாபைட் சேமிப்பிடமும் இருந்தும், கமராவும் பெட்டரியும் அதே விலை அன்ட்ராய்ட் போன்களுக்கு ஈடுகொடுக்கவில்லை. 2025இல் அதன் தயாரிப்பும் கைவிடப்பட்டது.

வட்ஸ்அப் நிறுவனம் இந்தப் போன்களுக்கென்று செயலி எதையும் தரவில்லை. அன்ட்ராய்ட் செயலிகளை உள்ளே ஓட்டச் சுற்றுவழி உண்டுதான். ஆனால் அது எல்லோருக்கும் கைவராது. வங்கிச் செயலிகள் பல அதில் இயங்க மறுத்துவிடும். 2018 மார்ச்சில் திகனையிலும் தெல்தெனியவிலும் கலவரம் மூண்டபோது அரசாங்கம் வட்ஸ்அப்பையும் பேஸ்புக்கையும் ஒரு வாரமளவில் முடக்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். பிள்ளை பத்திரமா, ராத்தா வீட்டில் என்ன நிலை என்று தெரியாமல் எப்படித் தவித்தோம்! அந்தத் தவிப்பைப் பணம் கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவர வேண்டுமா?

அதைவிட முக்கியமானது அழைப்பு. 4ஜி வழியாகப் பேசும் வசதி ஒவ்வொரு நாட்டுத் தொலைபேசி நிறுவனத்தோடும் தனித்தனியே பொருந்திவர வேண்டும். லினக்ஸ் போன்கள் பல இடங்களில் இதில்தான் தடுமாறுகின்றன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு கண்டி மலைகள் சரிந்து இறங்கிய நாட்களை எண்ணிப் பாருங்கள். அத்தகைய இரவில் மின்சாரம் இல்லாத வீட்டில், "வெளியே வாருங்கள்" என்று ஒருவர் அழைக்கும்போது ஒலிக்காத போன் எத்தனை இரகசியத்தைக் காத்து என்ன பயன்?

நமது நாட்டுக் கடைகளுக்கே வந்த உதாரணம் ஒன்றும் உண்டு. சாம்சங் நிறுவனத்தின் 'இசட்1' என்ற போன் 2015இல் இந்தியாவிலும் பங்களாதேஷிலும், பின்னர் இலங்கையிலும் விற்பனைக்கு வந்தது. லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட 'டைசன்' அதில் இயங்கியது. விலை மலிவு, பெயரும் பெரிய பெயர். ஆனாலும் செயலிகள் போதாமல் அந்த வரிசை நிலைக்கவில்லை. 2021 முடிவில் டைசனின் செயலிக் கடையே மூடப்பட்டது.

அப்படியானால் மகனுக்கு என்ன பதில் சொல்வது?

அலுமாரியில் கிடக்கும் பழைய போனை எடுத்துக் கொடுங்கள். 'உபுண்டு டச்', 'போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ்' என்ற இலவச லினக்ஸ் மென்பொருள்கள் சில பழைய போன்களுக்கும் பொருந்தும். நமது போன் அந்தப் பட்டியலில் உண்டா என்று அவனே தேடிப் பார்க்கட்டும். பழுதானாலும் நட்டமில்லை, அவன் கற்கும் கல்வியோ பெரியது. பிறகும் புதிதாக வாங்கத்தான் வேண்டுமென்றால், உழைத்து அவனே வாங்கட்டும். வெளிநாட்டில் எந்தப் போன் வாங்குவதாக இருந்தாலும், பணம் கட்டுமுன் ஐ.எம்.ஈ.ஐ. என்ற ஆங்கில எழுத்துக்களைத் தட்டி, இடைவெளி விட்டு, போனின் 15 இலக்கங்களையும் சேர்த்து 1909க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பதிவில் அது உண்டா என்பது தெரியும்.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. போனின் செட்டிங்ஸில் எந்தச் செயலிக்கெல்லாம் கமராவும் ஒலிவாங்கியும் திறந்திருக்கின்றன என்று இன்றிரவே பாருங்கள். தேவையில்லாதவற்றை மூடுங்கள். படுக்கையறைக்கு வெளியே போனை வைக்கப் பழகுங்கள். திருத்தக் கொடுக்குமுன் சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றி, போனில் உள்ள குடும்பப் படங்களை வேறிடத்தில் சேமித்துவிட்டு அழியுங்கள். நமது மானம் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைக் காக்க ஒரு இலட்சம் ரூபா தேவையில்லை. நமது விரலும் கவனமும் போதும்.

அல்லாஹ் நம் இல்லங்களையும் பிள்ளைகளையும் பாதுகாப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.