வேகம் கண்ணில் தொடங்குகிறது

பள்ளி முடிந்த பிறகு நடைபெறும் கைப்பந்துப் பயிற்சியைத் திடலோரம் நின்று கவனித்திருக்கிறீர்களா? எதிரணி விளையாட்டாளர் வலையோரம் எழும்பிப் பந்தை ஓங்கி அடிக்கிறார். பின்வரிசையில் நிற்கும் மாணவர் கையை நீட்டுவதற்குள் பந்து தரையைத் தொட்டுவிடுகிறது. “உனக்கு வேகம் போதாது” என்ற குரல் உடனே எழுகிறது. சில வாரங்களில் அம்மாணவர் மாற்று விளையாட்டாளராகிறார். பிறகு பயிற்சிக்கு வருவதையே நிறுத்திவிடுகிறார். அவரிடம் உண்மையிலேயே வேகம் இல்லையா? எதைப் பார்க்க வேண்டும் என்பதை அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை என்பதே என் கருத்து.

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கைப்பந்துத் திடலின் நீளம் 18 மீட்டர். வலை அதை இரு சம பாகங்களாகப் பிரிக்கிறது. வலையிலிருந்து 7 மீட்டர் தொலைவில் ஒருவர் நிற்பதாகக் கொள்வோம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கப்படும் பந்து ஏறக்குறைய 0.25 வினாடியில் அவரை அடைந்துவிடும். கண் கண்டதை மூளை உணர்ந்து, தசைகளுக்குக் கட்டளையிட்டு, உடல் அசையத் தொடங்குவதற்கே சுமார் 0.2 வினாடி தேவை. இதைத்தான் எதிர்வினை நேரம் என்கிறோம். எஞ்சுவது 0.05 வினாடி மட்டுமே. அதற்குள் ஓரடிகூட எடுத்து வைக்க இயலாது.

அப்படியானால், சிறந்த விளையாட்டாளர்கள் அத்தகைய பந்தை எப்படி எடுக்கிறார்கள்? வெள்ளம் வருமுன் அணை போடுகிறார்கள். பந்து உயரத் தூக்கிக் கொடுக்கப்பட்டதிலிருந்து அடிக்கப்படும் வரை ஒரு வினாடிக்கு மேல் கிடைக்கிறது. அந்த நேரத்தில் அவர்கள் அடிப்பவர் ஓடிவரும் திசையையும் அவருடைய தோள் திரும்பும் பக்கத்தையும் கவனிக்கிறார்கள். பந்து வரக்கூடிய வழிகள் குறைகின்றன, முடிவெடுப்பதும் எளிதாகிறது. தேர்வுகள் பெருகப் பெருகப் பதில் கொடுக்கும் நேரமும் கூடுகிறது என்பதை வில்லியம் ஹிக் என்ற ஆய்வாளர் 1952-இல் விளக்கியுள்ளார்.

ஆனால், நம் பயிற்சிகள் பலவற்றில் விசில் ஒலித்ததும் ஓடுவதே எதிர்வினைப் பயிற்சியாகக் கருதப்படுகிறது. உடலைச் சுறுசுறுப்பாக்க அது உதவும் என்பதை நான் மறுக்கவில்லை. எனினும், பந்து எங்கே வரும் என்று ஆட்டத்தின்போது எந்த விசிலும் சொல்வதில்லை. எனவே, விளையாட்டாளர் எதைப் பார்த்துச் செயல்பட வேண்டுமோ அதைப் பார்த்தே பழக வேண்டும்.

இதற்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. அடிப்பவரின் கை பந்தைத் தொடும் முன்பே, “இடம்” அல்லது “வலம்” என்று எதிர்ப்புறம் நிற்பவர் உரக்கச் சொல்லலாம். கைப்பேசியில் பதிவுசெய்த ஆட்டத்தைப் பந்து அடிபடும் கணத்திற்குச் சற்று முன்பு நிறுத்தி, பந்து எங்கே செல்லும் என்று மாணவர்களைக் கணிக்கச் சொல்லலாம். வலைக்கு முதுகைக் காட்டி நிற்பவர், அழைப்பு கேட்டதும் திரும்பி, வரும் பந்தைக் கண்டு எடுக்கலாம். இவற்றைச் சிறு சிறு சுற்றுகளாக, உடல் களைப்படைவதற்கு முன்பே செய்வது நல்லது. பதின்ம வயதினருக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கமும் அவசியம். தூக்கம் குறைந்தால் எதிர்வினையும் தாமதமாகும்.

எதிர்வினை வேகம் பிறவியிலேயே அமைவது என்று சிலர் வாதிடலாம். மாணவர்களிடையே இயல்பான வேறுபாடு உண்டு என்பது உண்மையே. ஆயினும், எவ்வளவு முயன்றாலும் அந்த 0.2 வினாடியிலிருந்து சிறிதளவே குறைக்க முடியும். முன்கூட்டியே கணிக்கக் கற்றவருக்கோ அதைவிடப் பன்மடங்கு நேரம் மிச்சமாகிறது. அந்தக் கணிப்பு, பழகப் பழக எவருக்கும் கைகூடும் திறன்.

ஆகவே, ஓட்ட வேகத்தையும் உயரத்தையும் மட்டும் அளந்து அணியைத் தேர்ந்தெடுக்கும் வழக்கத்தைப் பயிற்றுநர்கள் மறுபரிசீலனை செய்ய வேண்டும். ஒரு மாணவரை ஒதுக்குவதற்கு முன், பார்க்கக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பை அவருக்கு வழங்க வேண்டும். அடுத்த முறை பந்து தரையைத் தொடும்போது, “ஏன் ஓடவில்லை?” என்று கேட்பதற்குப் பதிலாக, “அடிப்பதற்கு முன் எதைப் பார்த்தாய்?” என்று கேட்போம்.