எதிர் வீட்டுக்கு வராத நோட்டீஸ்



மஃரிபுக்குப் பின் மாணவர் ஒருவரின் தந்தை மத்ரஸாவுக்கு வந்து, நகராட்சி நோட்டீஸ் ஒன்றை நம்மிடம் நீட்டினார். மாடி அறை அனுமதியின்றிக் கட்டப்பட்டதாம். துஆச் செய்யச் சொல்லிவிட்டு, "ஹஜ்ரத், எதிர் வீட்டிலும் இதே மாடிதானே, அவருக்கு ஏன் வரவில்லை?" என்றார். விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் நாம் பலமுறை கேட்ட கேள்வி இது.

சான் பிரான்சிஸ்கோவில் மரக் கட்டடத்தில் சலவையகம் நடத்த உள்ளாட்சி அனுமதி தேவைப்பட்டது. விண்ணப்பித்த சீனர்கள் சுமார் 200 பேருக்கும் மறுப்பு. மற்றவர்களில் ஏறத்தாழ 80 பேருக்கு அனுமதி. சட்டத்தின் வாசகம் பொதுவாக இருப்பினும், நடைமுறையில் பாகுபாடு காட்டினால் அது சமத்துவ மீறலே என்று 1886இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நமது அரசியலமைப்பின் 14ஆம் பிரிவு தருவதும் அந்தச் சமத்துவத்தையே.

ஆயினும் அச்சீனர்கள் கேட்டது உரிய அனுமதியை; மீறலுக்கு மன்னிப்பை அன்று. பிறருடைய மீறலை விட்டுவிட்டதைக் காட்டி நமது மீறலுக்குப் பாதுகாப்புக் கோர 14ஆம் பிரிவு இடம் தராது என்று நம் நீதிமன்றங்கள் பலமுறை கூறிவிட்டன. எதிர் வீட்டை மட்டும் நம்பி வழக்காடுவது வீண்.

வலுவான பிடி வேறிடத்தில் உள்ளது. 2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, இடிப்புக்கு முன் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். கட்டடத்திலும் ஒட்ட வேண்டும். 15 நாள், அல்லது உள்ளூர்ச் சட்டம் தரும் காலம், இவற்றில் எது அதிகமோ அந்த அவகாசம் தரவேண்டும். நேரில் விசாரித்து, காரணங்களுடன் ஆணையிட வேண்டும். ஆணைக்குப் பின்னும் 15 நாள் பொறுக்க வேண்டும். மீறும் அதிகாரி தம் சொந்தச் செலவில் ஈடுசெய்ய நேரும். சாலை, நடைபாதை, நீர்நிலை போன்ற பொது இடங்களில் எழுந்த கட்டடங்களுக்கு இப்பாதுகாப்பு இல்லை. ஏரி, வாய்க்கால் ஓரங்களில் வீடு கட்டியுள்ள நம்மவர்களிடம் இதை மறைப்பது அமானித மோசடியாகும்.

மஸ்ஜிதுந் நபவியை விரிவாக்கக் கலீஃபா உமர் (ரலி) அவர்களுக்கு அப்பாஸ் (ரலி) அவர்களின் வீடு தேவைப்பட்டது. அவர்கள் மறுத்தார்கள். வழக்கு உபை இப்னு கஅப் (ரலி) அவர்களிடம் சென்றது. தீர்ப்பு கலீஃபாவுக்கு எதிராக அமைந்தது. உமர் (ரலி) பணிந்தார்கள். அதன் பின்னரே அப்பாஸ் (ரலி) தாமாக வீட்டை வழங்கினார்கள். பள்ளிவாசலுக்காகக்கூட முறை தவறவில்லை.

வந்தவரிடம் பட்டா, வரைபட அனுமதி, வீட்டு வரி ரசீது ஆகியவற்றை எடுத்து வரச் சொன்னோம். வரைபடத்தில் மாடி இல்லை. கெடுவுக்குள் பதில் எழுதவும், விதிகளுக்குள் அடங்குமானால் அனுமதி கோரவும் வழக்கறிஞரிடம் அனுப்பினோம். துஆவும் செய்தோம்.