வளவு விற்கப் போனோம்

எங்கள் தகப்பனாரின் வளவை விற்க வெளிக்கிட்டு இது நாலாவது வருடம். வலிகாமம் வடக்கில், உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருபத்தெட்டு வருடம் அகப்பட்டுக் கிடந்து 2018இல் விடப்பட்ட ஐந்து பரப்புக் காணியும் அதில் நின்ற கல்வீடும்தான் அந்த வளவு. இன்னும் விற்கவில்லை. வாங்க ஆளில்லாமல் அல்ல. ஆட்கள் வந்தார்கள், பார்த்தார்கள், உறுதியைக் கேட்டார்கள், போனார்கள். இடம்பெயர்ந்து வேறிடத்தில் குடியமர்ந்துவிட்ட கமக்காரக் குடும்பங்கள் பல இதே நிலையில் நிற்பதை அறிவோம். அதனாலேயே எமது அனுபவத்தையும் அதனால் ஏற்பட்ட அபிப்பிராயத்தையும் இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒரு கேள்விக்கு மறுமொழி சொல்ல வேண்டும். "இவ்வளவு காலமும் ஊருக்காக அழுதீர்கள், விட்ட உடனே விற்கப் போகிறீர்களே?" என்று எங்களை நேரே கேட்டவர்களும் உண்டு. கேட்டவர்களில் அநேகர் அந்த மண்ணில் ஒரு நாளும் மண்வெட்டி பிடியாதவர்கள் என்பது வேறு கதை. 1990 ஆனியில் உடுத்த உடுப்போடு ஊரை விட்டோம். 1995 ஐப்பசி 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் வீதியில் இறங்கியபோது மறுபடி நடந்தோம். 1996இல் கிளாலிக் கடல் கடந்து வன்னிக்கு வந்தோம். 2009இல் முள்ளிவாய்க்கால், அதன்பின் மெனிக் பாம். 2010இல் முகாமிலிருந்து விட்டபோது நாங்கள் போய்ச் சேர்ந்த இடம் ஊர் அல்ல, கிளிநொச்சியில் பற்றைக்காடு வெட்டித் திருத்திய காணி. பிள்ளைகள் படித்தது அங்கே. இரணைமடுத் தண்ணீரில் எங்கள் வயல் விளைவதும் அங்கேதான். ஊருக்குத் திரும்பும் உரிமையை நாங்கள் கேட்டது சரி. இப்போது திரும்பாமல் இருப்பதும் எங்கள் விருப்பமே. இதில் துரோகம் எங்கே இருக்கிறது?

விற்க வேண்டிய தேவையும் சும்மா வந்ததல்ல. கிளிநொச்சிக் காணி 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ்க் கிடைத்த அனுமதிப்பத்திரக் காணி. அதை நினைத்தபடி விற்கவோ ஈடு வைக்கவோ இயலாது. இரண்டு போகம் பிழைத்தால் கடன் ஏறுகிறது. கடனை இறுக்க எங்கள் கையில் இருக்கும் ஒரே உறுதிக் காணி ஊர் வளவுதான்.

உறுதி என்றோமே, அது கையில் இருக்கவில்லை. தகரப் பெட்டியோடு எங்கே தவறியது என்று இன்றும் தெரியாது. நல்ல காலமாக, நொத்தாரிசு ஒருவர் எழுதிப் பதிந்த உறுதியின் இணைப் பிரதி காணிப் பதிவகத்தில் இருக்கும். ஆனால் இலக்கமும் திகதியும் நொத்தாரிசின் பெயரும் சொன்னால்தான் தேடுவார்கள். அம்மாவுக்கு நொத்தாரிசின் பெயரும், "மூத்தவள் பிறந்த வருசம்" என்பதும்தான் ஞாபகம். அதை வைத்து ஏழு தடவை கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஏறினோம். ஏழாம் தடவை பிரதி கிடைத்தது.

அதில் எழுதியிருந்தது, "ஐந்து லாச்சம் வரகு". இளம் பிள்ளைகளுக்கு இது விளங்காது. மேட்டு நிலத்தில் பதினெட்டுக் குழி ஒரு லாச்சம், பதினாறு லாச்சம் ஒரு ஏக்கர். வயலுக்குப் பன்னிரண்டு குழிதான் ஒரு லாச்சம், அந்தக் கணக்கு வேறு. எல்லைகளோ, கிழக்கே இன்னார், வடக்கே இன்னார் என்று நாலு பக்கமும் செத்துப்போன ஆட்களின் பெயர்கள். சர்வேயர் வந்து எல்லைக்கல்லைக் காட்டச் சொன்னார். கல் எங்கே? வேலி, கதியால், ஒழுங்கை எல்லாவற்றையும் இயந்திரம் வழித்து விட்டிருந்தது. பக்கத்து வளவுக்காரரும் தங்கள் எல்லையைத் தேடித்தான் நின்றார்கள். கடைசியில் அம்மா பற்றைக்குள் தடியால் தட்டிக்கொண்டு போய்க் கிணற்றுக் கட்டைக் கண்டுபிடித்தா. "இதிலையிருந்து குசினி வாசலுக்கு இருபத்திரண்டு கவடு, எண்ணிப் பார் தம்பி" என்று சர்வேயருக்குச் சொன்னா. அவர் சிரித்தார். ஆனால் அங்கிருந்துதான் அளக்கத் தொடங்கினார்.

அந்தக் கிணறு பங்குக் கிணறு. விற்பவர்களும் வாங்குபவர்களும் கவனிக்க வேண்டிய விடயம் இது. வழிவாய்க்காலும் கிணற்றுப் பங்கும் உறுதியில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். புதிதாக எழுதும் உறுதியில் அதைத் தவறவிட்டால், பிறகு தண்ணீருக்கு வழக்குப் பேச வேண்டிவரும்.

உண்மையான சிக்கல் இதற்குப் பிறகே வந்தது. காணி தகப்பனாரின் முதுசம். அவர் மரணசாதனம் எழுதாமல் வன்னியில் காலமானார். தேசவழமைப்படி முதுசம் பிள்ளைகளுக்கு இறங்கும். நாங்கள் ஐந்து பேர். (முப்பது வருடம் அந்த வளவைக் கூட்டித் தண்ணீர் அள்ளிய அம்மாவுக்குக் கடதாசியில் ஒரு குழி நிலமும் இல்லை. இது எங்களில் யாருக்கும் அதுவரை உறைக்கவில்லை.) ஒருவர் கனடா, ஒருத்தி ஜேர்மனி, நாங்கள் இருவர் கிளிநொச்சி. ஜேர்மனித் தங்கச்சி ஒரு மாதத்தில் அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்பிவிட்டா. கனடாத் தம்பிக்கு விற்பதில் விருப்பமில்லை. "அப்பான்ரை வீட்டை விக்காதேங்கோ அண்ணை" என்று தொலைபேசியில் அழுதார். கூரையும் கதவு நிலைகளும் போய், குசினிச் சுவருக்குள் ஆலமரம் நிற்கும் வீட்டை அவர் இன்னும் காணவில்லை. அவரது கண்ணீரை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் வருடத்துக்கு இரண்டு தடவை பற்றை வெட்டும் கூலியையும் சோலைவரியையும் இங்கே இருப்பவர்கள்தான் கட்டுகிறோம். கண்ணீரோடு அதில் ஒரு பங்கும் வந்தால் நல்லது.

ஒருவர் சம்மதிக்காவிட்டால் மற்றவர்கள் தங்கள் பங்கை விற்கலாம்தானே என்று தரகர்கள் சொல்வார்கள். தேசவழமை முன்னுரிமைக் கொள்வனவு பற்றிய 1947ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அதன்படி பங்காளிக்கும், விற்பவர் இறந்தால் உரித்தாளியாக வரக்கூடியவருக்கும் முதலில் அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் எழுதிய உறுதியை அவர்கள் நீதிமன்றத்துக்குக் கொண்டு போகலாம். இது தெரிந்தவர்கள் பங்குக் காணி என்றதும் விலகிவிடுகிறார்கள். தெரிந்தும் நிற்பவர்கள் அரைவிலைக்கு நிற்கிறார்கள்.

ஐந்தாமவர் எங்கள் கடைசித் தம்பி. 1996இல் நாங்கள் கிளாலி கடந்தபோது அவர் பெரியம்மாவோடு தென்மராட்சியில் தங்கி, பின் யாழ்ப்பாணம் திரும்பினார். அந்த ஆடியில் ஒரு சுற்றிவளைப்பின் பின் அவரை ஒருவரும் காணவில்லை. அவரது கையெழுத்து இல்லாமல் முழு வளவையும் விற்க முடியாது. கந்தோரில் சுலபமான வழி ஒன்று சொன்னார்கள், மரணச் சான்றிதழ் எடுங்கள் என்று. காணாமற்போனவர்களுக்கு மரணத்தைப் பதிய 2010ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின், இறந்தார் என்று சொல்லாமல் காணப்படாமைச் சான்றிதழ் பெறவும் வழி உண்டு. இரண்டாவதை எடுக்க அம்மா சம்மதித்தா. ஆனால் அதை வைத்து அவரது பங்கை எழுத, வாங்க வந்தவரின் நொத்தாரிசு ஒப்பவில்லை. முதலாவதைப் பற்றிப் பேச்செடுத்த அன்று அம்மா சாப்பிடவில்லை. "கிளிநொச்சிக் காணியை அவன் கண்டதில்லை. வந்தால் எங்கை வருவன்? அவனுக்குத் தெரிஞ்ச இடம் உது ஒண்டுதான்" என்று மட்டும் சொன்னா.

கடனும் வட்டியும் ஒரு பக்கம், இந்தச் சொல் ஒரு பக்கம். விற்பனைக்காக ஒரு தாயிடம் மகனின் மரணத்துக்குக் கையெழுத்துக் கேட்பது எங்களால் இயலாது, கேட்கவும் கூடாது என்பதே எமது முடிவு. வேறு குடும்பங்கள் வேறு முடிவு எடுத்திருக்கலாம். அவர்களை நாங்கள் குறை சொல்லவில்லை.

ஆகையால் வேறு வழி பார்த்தோம். ஐந்து பரப்பு, ஐந்து பங்கு. வீதியோரமாக, கிணற்றுக்கு வழியுள்ள ஒரு பரப்பைத் தம்பியின் பெயரில் விட்டு, மற்ற நாலையும் விற்பது என்று தீர்மானித்தோம். பாதி வழிக்குக் கனடாத் தம்பியும் இறங்கி வந்திருக்கிறார். ஆனால் எல்லாப் பங்காளரும் ஒப்பமிட்டால்தான் உறுதி எழுதிப் பிரிக்கலாம். ஒருவர் இல்லாதபடியால் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவிடல் சட்டத்தின் கீழ் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு வைக்க வேண்டும். அது எத்தனை தவணை இழுக்கும் என்று சட்டத்தரணியும் சொல்லமாட்டார்.

இந்த இடைவெளிக்குள்தான் தரகர் வருவார். "அண்ணை, வீடெண்டு ஒண்டுமில்லை, சுவர்தான் நிக்குது. உள்ளபடி எழுதித் தாங்கோ, மிச்சத்தை நான் பாக்கிறன்" என்பார். உறுதியில் விலையைக் குறைத்து எழுதினால் முத்திரைத் தீர்வை குறையும் என்றும் சொல்வார். இரண்டுக்கும் இணங்க வேண்டாம். அவர் குறைக்கும் அந்தப் பாதி விலை சுவருக்காக அல்ல, எங்கள் கடதாசிக் குழப்பத்துக்காக. அதைத் தீர்க்க ஆகும் செலவு அந்தப் பாதியில் சிறு பங்குதான். தீர்த்தபின் அதே ஆள் முழு விலைக்கு விற்பார். குறைத்து எழுதிய விலையோ, பின்னர் வழக்கு வந்தால் எங்கள் கழுத்துக்குத்தான் கயிறு.

பெண்களின் பெயரில் சீதனக் காணி உள்ள குடும்பங்களுக்கு ஒரு சொல். தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் காணியை எழுதக் கணவனின் எழுத்துச் சம்மதம் தேவை என்று 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. இந்தக் காலத்துக்கு அது ஏற்குமா என்று கேட்டால் ஏற்காது என்றே சொல்வோம். ஆனாலும் கணவன் இருக்குமிடம் தெரியாத பெண் மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியைக் கேட்க அதே சட்டத்தில் இடமுண்டு. இது தெரியாமல், தங்கள் காணியை ஒன்றும் செய்ய முடியாது என்று கைவிட்டிருக்கும் சகோதரிகள் எங்கள் கிராமத்திலேயே இருக்கிறார்கள். சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளையில் போய்க் கேளுங்கள்.

தாய் தகப்பன் இருக்கும்போதே பிள்ளைகள் கூடிப் பேசி எழுதி முடித்திருந்தால் எங்கள் நாலு வருடத்தில் மூன்று மிஞ்சியிருக்கும். "உயிரோடை இருக்கேக்கை பங்கு கேக்கிறதோ?" என்ற கூச்சத்தில் நாங்கள் கேட்கவில்லை. அப்பாவும் சொல்லவில்லை. வன்னியில் கிடைத்த அனுமதிப்பத்திரக் காணிக்குப் பின்னுரித்தாளரை இன்னும் பெயர் குறிக்காதவர்கள், அடுத்த நடமாடும் சேவை வரும்போதாவது அதைச் செய்துவிடுங்கள்.

எங்கள் வழக்குக்கு உரிய கடதாசிகளைச் சென்ற மாதம் சட்டத்தரணியிடம் கொடுத்துவிட்டோம். சர்வேயரின் படத்தில் வீதியோரப் பரப்பு ஐந்தாம் துண்டு என்று குறிக்கப்பட்டிருக்கிறது. அம்மா போன கிழமை அதில் இரண்டு தென்னம்பிள்ளை வைப்பித்தா. அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றப் பக்கத்து வளவுக்காரரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறோம்.