ஹாலுக்குள் ஒரு புதுச் சுவர்: தளம் தாங்குமா?

ஒர்க் ஃப்ரம் ஹோமுக்காக ஹாலை மறித்து ஒரு ரூம் போடலாம்னு இருக்கீங்களா? "ஒரு சுவர்தானே சார், தாங்கும்" என்பார் மேஸ்திரி. முதலில் கணக்கைப் பாருங்கள்.

எவ்வளவு எடை?

10 அடி நீளம், 10 அடி உயரத்தில் நாலரை அங்குலச் செங்கல் சுவர் சுமார் 2 டன். பூச்சு தனி. கிட்டத்தட்ட இரண்டு ஸ்விஃப்ட் கார்களை ஹாலில் நிறுத்துற மாதிரி.

தளம் தாங்காதா?

ஐஎஸ் 875 விதிப்படி, வீட்டு அறைகளின் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. ஆட்கள், சோபா, கட்டில் எல்லாம் இதில் அடக்கம். ஆனால் அவை பரவி நிற்கும். சுவர் ஒரே கோட்டில், மீட்டருக்கு 650 கிலோவுக்கு மேல், நிரந்தரமாக அழுத்தும். நேர் அடியில் பீம் இருந்தால் கதை வேறு. இல்லையென்றால் தளம் மெல்லத் தொய்யும், விரிசல் விழும்.

வெளியே தெரியாத ஆபத்து

2022 பிப்ரவரி 10, குருகிராம் செக்டார் 109. ஆறாவது மாடி வீட்டில் புதுப்பிப்பு வேலை நடந்தபோது தளம் சரிந்து, கீழ்த்தளங்களையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. கீழே வசித்த இரண்டு பெண்கள் இறந்தார்கள். கான்கிரீட்டில் இருந்த குளோரைடு கம்பிகளை அரித்திருந்தது பிறகு ஐஐடி டெல்லி ஆய்வில்தான் தெரிந்தது. டைல்ஸ் மேல் நின்று பார்த்தால் இது தெரியாது.

என்ன செய்யலாம்?

அசோசியேஷனிடம் ஸ்ட்ரக்சுரல் டிராயிங் கேளுங்கள். ஏஏசி பிளாக்கில் கட்டினால் இதே சுவர் 600 கிலோ அளவில் முடியும். ஜிப்சம் போர்டு இன்னும் லேசு. எதுவானாலும், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் எழுத்தில் ஒப்புதல் தரும்வரை மேஸ்திரிக்கு அட்வான்ஸ் கொடுக்காதீங்க.