சொல்லிவிட்டு வந்தால் எமன் விருந்தாளியா?

சென்ற இதழில் ஹூஸ்டன் நண்பர் ஒருவர் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டுப் பலரும் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள். அந்தத் தூக்கத்தைக் கெடுக்கத்தான் இதை எழுதுகிறேன்.

அவருடைய வாதத்தைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். இயற்கைச் சீற்றங்களிலேயே நாகரிகமானது ஹரிக்கேன். நிலநடுக்கம் சொல்லாமல் வருகிறது. டொர்னேடோ கால் மணி நேரம்கூடத் தருவதில்லை. காட்டுத்தீ காற்றோடு சேர்ந்து திசை மாறுகிறது. ஹரிக்கேன் மட்டும் நாலைந்து நாள் முன்பே டிவியில் படம் காட்டிவிட்டு வருகிறது. எனவே கலிபோர்னியாக்காரர்கள் பயப்படட்டும், வளைகுடாக் கரையில் இருக்கும் நமக்குப் பதற்றம் தேவையில்லை. ஒன்றாம், இரண்டாம் வகைப் புயலுக்கு வீட்டிலேயே இருந்துகொள்ளலாம். மாதக்கணக்கில் முன்னேற்பாடு செய்வது பீதி வியாபாரிகளுக்குப் போடும் தீனி. ஊரைக் காலி செய்வது புயலைவிட ஆபத்து, அதற்கு 2005 ரீட்டாவே சாட்சி. முத்தாய்ப்பாக, சென்னையில் நாம் பார்க்காத புயலா என்றொரு மார்தட்டல்.

கேட்க இனிக்கிறது. இதில் பாதி உண்மை ஓரிடத்தில் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். மற்றதெல்லாம் ஒரு மழைக்குத் தாங்காத சரக்கு.

முதலில் அந்த நாலைந்து நாள் கணக்கைப் பார்ப்போம். 2018 அக்டோபர் 7 அன்றுதான் மைக்கேல் வெப்பமண்டலப் புயலாகிப் பெயர் பெற்றது. அக்டோபர் 10 அன்று ஃபுளோரிடாவின் மெக்சிகோ பீச் அருகே ஐந்தாம் வகை ஹரிக்கேனாகக் கரையேறியது. மொத்தம் மூன்றே நாள். 2023 அக்டோபரில் மெக்சிகோவின் பசிபிக் கரையில் ஓட்டிஸ் இன்னும் மோசமாக நடந்துகொண்டது. சாதாரண வெப்பமண்டலப் புயலாக இருந்தது ஒரே நாளுக்குள் ஐந்தாம் வகைக்கு ஏறி, நள்ளிரவு தாண்டி அகபுல்கோவைத் தாக்கியது. முந்தின நாள் காலை முன்னறிவிப்பைப் பார்த்தவர் யாரும் அதை எதிர்பார்த்திருக்க முடியாது. கடல் சூடாக இருந்தால் புயல் நம் நாட்காட்டியைப் பார்த்து வளர்வதில்லை.

நண்பர் நம்பும் டிவி படத்துக்கும் ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. அதில் வரும் கூம்பு வடிவம், புயலின் மையம் எந்த வழியாகப் போகக்கூடும் என்று காட்டுவது. கூம்புக்கு வெளியே இருந்தால் பிழைத்தோம் என்று அதற்கு அர்த்தமில்லை. மையமே மூன்றில் ஒரு தடவை கூம்பை விட்டு வெளியே போகும் என்ற கணக்கில்தான் அதை வரைகிறார்கள். மழையும் கடல்நீரும் மையத்திலிருந்து எத்தனையோ மைல் தள்ளியும் கொல்லும். 2022இல் இயன் வந்தபோது எல்லோர் கண்ணும் டாம்பாமீது இருந்தது. ஃபோர்ட் மயர்ஸ் இருக்கும் லீ கவுன்டியோ கூம்பின் ஓரத்தில் கிடந்தது. அங்கே வெளியேறச் சொல்லி உத்தரவு வந்தது செப்டம்பர் 27 காலையில். மறுநாளே கடல் ஊருக்குள் நுழைந்தது. படத்தைப் பார்த்துவிட்டு நமக்கில்லை என்று உட்கார்ந்திருந்தவர்கள் அங்கே உண்டு.

சரி, நாலு நாள் முழுசாகக் கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். அதில் எதை வாங்க முடியும்? வெள்ளக் காப்பீடு வாங்க முடியாது. வீட்டுக் காப்பீட்டில் வெள்ளம் சேராது. 1968 முதல் இருக்கும் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் புதிதாகப் பாலிசி எடுத்தால் பொதுவாக 30 நாள் கழித்துத்தான் அது உயிர்பெறும். புயல் தருவது நாலு நாள், பாலிசி கேட்பது முப்பது. நண்பரின் மொத்தத் தத்துவமும் இந்த ஒரு கழித்தல் கணக்கில் விழுந்துவிடுகிறது. 2017இல் ஹார்வி மழையில் மூழ்கிய ஹூஸ்டன் வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு வெள்ளக் காப்பீடு இல்லை. அந்த வீட்டுக்காரர்கள் எல்லோரும் டிவி பார்த்தவர்கள்தான்.

பிளைவுட் வாங்கலாம், கடையில் மிச்சமிருந்தால். ஜன்னலுக்கு ஜன்னல் அளந்து வெட்ட வேண்டும். நம் பேட்டைகளில் பெரும்பாலும் செங்கல் முகப்பு வீடுகள். அதில் ஆணி நிற்காது, கான்கிரீட் திருகு வேண்டும், அதற்கென்று தனி டிரில் பிட் வேண்டும். கரையேற ஒரு நாள் இருக்கும்போது எந்தக் கடைக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். பலகை தீர்ந்திருக்கும். பலகை கிடைத்தவருக்குத் திருகு கிடைத்திருக்காது. இரண்டும் கிடைத்தவர் ஏணி இரவல் கேட்டு அலைந்துகொண்டிருப்பார். கடைசியில் கண்ணாடியில் டேப்பைப் பெருக்கல் குறியாக ஒட்டிவிட்டு உள்ளே போவார்கள். அந்த டேப் எதையும் தடுக்காது, உடையும் கண்ணாடியைப் பெரிய பெரிய துண்டாக்கித் தரும், அவ்வளவுதான்.

இந்த அவகாசம் யாருடைய கையில் இருந்தது என்றும் கேட்க வேண்டும். 2005 ஆகஸ்ட் 28 அன்று நியூ ஆர்லியன்ஸில் கட்டாய வெளியேற்ற உத்தரவு வந்தது. மறுநாள் காலையில் கத்ரீனா. அது மாதக் கடைசி. கார் இல்லாதவர்கள் பல்லாயிரம், கார் இருந்தும் பெட்ரோலுக்கும் விடுதிக்கும் காசில்லாதவர்கள் இன்னும் பலர். வெள்ளத் தடுப்புக் கரைகள் உடைந்து நகரத்தின் எண்பது சதவீதம் மூழ்கியது. அந்தப் புயல் கொண்டுபோன உயிர்கள் ஆயிரத்துக்கும் மேல். அவர்கள் எல்லோருக்கும் புயல் சொல்லிவிட்டுத்தான் வந்தது.

அடுத்தது, நண்பர் பெருமையோடு போட்ட ஒப்பீடு. சொல்லாமல் வருவதால் நிலநடுக்கம் பயங்கரம், சொல்லி வருவதால் ஹரிக்கேன் சாது என்கிறார். 2010ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஜனவரியில் ஹைட்டியில் 7.0 நிலநடுக்கம். அந்நாட்டு அரசு சொன்ன சாவுக் கணக்கு இரண்டு லட்சத்துக்கும் மேல். மிகக் குறைத்துச் சொன்னவர்களும் பல்லாயிரம் என்றே சொன்னார்கள். அடுத்த மாதம் சிலியில் 8.8. வெளியான ஆற்றலில் பல நூறு மடங்கு பெரியது. சுனாமியையும் சேர்த்து இறந்தவர்கள் ஐந்நூறு சொச்சம். முன்னறிவிப்பு இரண்டு இடத்திலும் பூஜ்யம். சிலியில் கட்டட விதிகள் இருந்தன, கம்பியும் சிமென்டும் அதன்படி போடப்பட்டிருந்தன. ஹைட்டியில் இல்லை. ஆக, சீற்றம் சொல்லிவிட்டு வந்ததா இல்லையா என்பது சாவைத் தீர்மானிக்கவில்லை. அது வருவதற்குப் பல ஆண்டு முன்பு செய்து வைத்த வேலைதான் தீர்மானித்தது.

ஹரிக்கேனுக்கும் இதே விதிதான். 1992இல் ஆண்ட்ரூ தெற்கு ஃபுளோரிடாவில் வீடுகளைப் பிய்த்தெறிந்த பிறகுதான் அந்த மாநிலம் தன் கட்டட விதிகளை இறுக்கியது. கூரையைச் சுவரோடு பிணைக்கும் உலோகப் பட்டையை நாலு நாளில் யாரும் போட முடியாது. 2008இல் ஐக் வந்தபோது போலிவர் தீபகற்பத்தில் கில்கிரிஸ்ட் என்ற ஊரே துடைத்தெடுக்கப்பட்டது. வெறும் மண்ணுக்கு நடுவே தனியாக நின்ற ஒரு மஞ்சள் வீட்டின் படம் அப்போது உலகமெல்லாம் சுற்றியது. 2005 ரீட்டாவில் பழைய வீட்டை இழந்த குடும்பம், உயரமான மரத்தூண்களின் மேல் புதிதாகக் கட்டிய வீடு அது. அந்த வீட்டைக் காப்பாற்றியது முன்னறிவிப்பா, தூணா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஐக் கரையேறியபோது இரண்டாம் வகை. வீட்டிலேயே இருந்துகொள்ளலாம் என்று நண்பர் அனுமதி கொடுத்த அதே வகை.

இந்த வகை எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்குவதுதான் அவர் வாதத்திலேயே ஆபத்தானது. சஃபிர் என்ற பொறியாளரும் சிம்சன் என்ற வானிலையாளரும் வகுத்த அளவுகோல் இன்று காற்றின் வேகத்தை மட்டுமே அளக்கிறது. மழையையோ கரையேறும் கடலையோ அளப்பதில்லை. 1963 முதல் 2012 வரை அட்லான்டிக் புயல்கள் அமெரிக்காவில் நேரடியாகக் கொன்றவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் நீரில் இறந்தவர்கள். காற்றில் இறந்தவர்கள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கொல்லாததை அளக்கும் எண்ணைப் பார்த்து, கொல்வதற்குப் பயப்பட வேண்டாம் என்கிறார் நண்பர்.

ஹார்வி ராக்போர்ட் அருகே நான்காம் வகையாக இறங்கியது உண்மை. ஹூஸ்டனை மூழ்கடித்தபோது அது ஹரிக்கேனே இல்லை, வெறும் வெப்பமண்டலப் புயல். நகர மனமில்லாமல் நின்று டெக்சஸின் நெடர்லாந்து ஊரில் 60 அங்குலத்துக்கு மேல் கொட்டியது. டெக்சஸில் நேரடியாக இறந்த 68 பேரில் 65 பேர் மழை வெள்ளத்தில் போனவர்கள். 2024இல் ஹெலீன் ஃபுளோரிடாவில் கரையேறி, வலுவிழந்து, கடலே கண்ணில் படாத வட கரோலினா மலைகளுக்குப் போனது. அந்த ஒரு மாநிலத்தில் மட்டும் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். ஆஷ்வில் நகரத்துக் குழாயில் குடிக்கத்தக்க தண்ணீர் மீண்டும் வர நவம்பர் 18 ஆனது. புயல் கரையேறியது செப்டம்பர் 26.

சென்னைப் பெருமையையும் இதோடு முடித்துவிடலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் கரையைக் கடந்தது ஆந்திராவின் பாபட்லா அருகே. முழங்காலுக்கும் இடுப்புக்கும் தண்ணீரில் நின்றது சென்னை. நம் ஊர்ப் புயலிடம் ஏதாவது கற்றிருந்தால் இதைத்தான் கற்றிருக்க வேண்டும்.

இப்போது ரீட்டா. அவர் சொன்னதில் பாதி உண்மை இங்கேதான். 2005 செப்டம்பரில் ஹூஸ்டன் பகுதியிலிருந்து இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நேரத்தில் சாலைக்கு வந்தார்கள். வெயிலில், பெட்ரோல் தீர்ந்து, நகராத கார்களில் மக்கள் இறந்தார்கள். டல்லாஸ் அருகே ஒரு பேருந்து தீப்பிடித்து முதியோர் இல்லத்தைச் சேர்ந்த 23 பேர் மாண்டார்கள். இதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் ஏன் அப்படி நடந்தது? மூன்று வாரம் முன்பு கத்ரீனாவைப் பார்த்த பயத்தில், போகத் தேவையே இல்லாதவர்களும் கிளம்பினார்கள். கடலோரத்துக்காரர்களின் வழியை உட்பகுதிக்காரர்கள் அடைத்துக்கொண்டார்கள். யார் போக வேண்டும், யார் இருக்கலாம் என்பதை ஊர் முன்பே பழகி வைத்திருக்கவில்லை. இன்று அஞ்சல் எண் வாரியாக மண்டலம் பிரித்திருக்கிறார்கள். கடல் ஏறும் மண்டலத்தில் இருப்பவர் சில பத்து மைல் தள்ளி மேட்டுக்குப் போனாலே பல நேரம் போதும். காற்றுக்கு ஒளியலாம், நீரிடமிருந்து ஓடித்தான் ஆக வேண்டும். ரீட்டா கற்றுத் தந்தது, முன்னேற்பாடு இல்லாத ஓட்டம் கொல்லும் என்பதை. நண்பரோ அதை முன்னேற்பாடே வேண்டாம் என்பதற்குச் சாட்சியாகக் கூண்டில் ஏற்றுகிறார்.

அவருடைய தரவரிசைப் பட்டியலில் அடிப்படையான கோளாறு ஒன்று உண்டு. சீற்றங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக வரும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். 2024 அக்டோபர் 9 அன்று மில்டன் ஃபுளோரிடாவின் மேற்குக் கரையை நெருங்கிக்கொண்டிருந்தது. அது இன்னும் கரையேறக்கூட இல்லை. அதற்குள் கிழக்குக் கரையில், செயின்ட் லூசி கவுன்டியில், அந்தப் புயல் கிளப்பிய டொர்னேடோவில் ஆறு பேர் இறந்தார்கள். நாலு நாள் அவகாசம் தந்த ஹரிக்கேனுக்குள்ளேயே நிமிஷக் கணக்கில் வரும் டொர்னேடோ இருந்தது. ஹெலீனுக்குள் நிலச்சரிவு இருந்தது. 2024 ஜூலையில் வந்த பெரில் வெறும் ஒன்றாம் வகை. ஹூஸ்டன் பகுதியில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்குக் கரன்ட் போயிற்று, பல இடங்களில் ஒரு வாரம் வரவில்லை. அதற்குள் கொடும் வெயில் இருந்தது, வீட்டுக்குள்ளேயே சூட்டில் சுருண்டு இறந்தவர்கள் உண்டு. கராஜ் கதவைப் பாதி திறந்து வைத்து ஜெனரேட்டரை ஓட்டுகிறவர்கள் நம்மிடையேயும் இருக்கிறார்கள். அந்தப் புகைக்கு வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு துணை. வீட்டிலிருந்து இருபது அடியாவது தள்ளி வைக்காத ஜெனரேட்டர், புயல் போன பிறகு வரும் இன்னொரு புயல். போர்ட்டோ ரிகோவில் 2017 மரியாவுக்கு முதலில் சொன்ன சாவு 64. கரன்ட்டும் மருந்தும் இல்லாமல் மாதக்கணக்கில் செத்தவர்களையும் ஆய்வாளர்கள் சேர்த்துக் கணக்கிட்டபோது 2,975 ஆனது, அரசும் அதை ஏற்றுக்கொண்டது.

நண்பர் தன் வாதம் புதிது என்று நினைத்தால் ஏமாற்றம்தான். 1891இல் கால்வெஸ்டனின் வானிலை அதிகாரி ஐசக் கிளைன் உள்ளூர் நாளிதழில் ஒரு கட்டுரை எழுதினார். ஹரிக்கேன் இந்த ஊரைப் பெரிதாக நாசம் செய்யும் என்ற பயம் வீண் பிரமை, கடற்சுவர் தேவையில்லை என்பது அதன் சாரம். 1900 செப்டம்பர் 8 அன்று கடல் அந்த ஊருக்கு மேல் ஏறியது. ஆறாயிரத்திலிருந்து பன்னிரண்டாயிரம் பேர் வரை செத்தார்கள். கிளைனின் மனைவியும் அதில் ஒருவர். அதற்குப் பிறகுதான் கால்வெஸ்டன் சுவர் கட்டியது. கிளைன் படித்தவர், துறை அறிந்தவர். அவருக்கே அந்தக் கதி.

வெள்ளம் வருமுன் அணை போடு என்று சொன்ன சமூகத்தில் பிறந்துவிட்டு, வெள்ளம் முன்பே கடிதம் போடும், அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதுவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். ஜூன் 1 அன்று பருவம் தொடங்குகிறது. அதற்குள் வெள்ளப் பாலிசி, வெட்டி எண் போட்டு வைத்த பலகை, ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் தண்ணீர், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவின் மாத்திரையும் இன்சுலினும் கெடாமல் வைக்க வழி, பாஸ்போர்ட்டும் விசாத் தாளும் நனையாத உறையில், எந்த ஊரில் யார் வீட்டுக்குப் போவது என்ற முடிவு. இவ்வளவும் முடிந்த வீட்டுக்குத்தான் அந்த நாலு நாள் உதவும். முடியாத வீட்டுக்கு அது கடையில் வரிசையில் நின்று கழியும் நாலு நாள்.

எந்தச் சீற்றம் நல்லது, எது கெட்டது என்று நண்பர் இன்னொரு கட்டுரை எழுதத் தொடங்கும் முன் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லட்டும்: அவருடைய வீடு எந்த வெளியேற்ற மண்டலத்தில் இருக்கிறது? பதில் தெரியாவிட்டால், மற்றவர்களுக்கு நிம்மதி வழங்கும் வேலையை அவர் நிறுத்திக்கொள்வது நல்லது.