கப்பல் பதிவேட்டில் ஒரு கட்டம்

சென்ற ஆண்டு மொரீசியஸிலிருந்து ஓர் ஆசிரியை செங்கல்பட்டுப் பக்கம் வந்திருந்தார். ஐந்து தலைமுறைக்கு முன் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிய பாட்டனின் ஊரைத் தேடித்தான் அந்தப் பயணம். தோழர் ஒருவர் அவரை என்னிடம் அனுப்பிவைத்தார். கையில் ஒரே ஒரு தாள். மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் குடியேற்ற ஆவணக் காப்பகத்தில் வாங்கிய பதிவேட்டுப் பிரதி. பெயர், தகப்பன் பெயர், வயது, உயரம், உடல் அடையாளம், கப்பல், மாவட்டம், ஊர். இடையில் சாதி என்றொரு கட்டம். அதில் ‘பறையன்’ என்று இருந்தது.

“இதை யாருக்கும் காட்டாதே என்று பெரியம்மா சொன்னார், அண்ணா. காட்டலாமா?” என்று பள்ளியில் படித்த தமிழில் கேட்டார்.

காட்டத்தான் வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

1834 முதல் 1910 வரை ஏறத்தாழ நாலரை லட்சம் பேர் இந்தியாவிலிருந்து அந்தத் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். வம்சம் தேடுகிறவர்களுக்கு அந்த எண்தான் திறவுகோல். தன் பிறப்புச் சான்றிதழில் தொடங்கி, பெற்றோரின் திருமணப் பதிவு, அவர்களின் பெற்றோரின் பதிவு என்று பின்னோக்கிப் போனால் ஏதோ ஒரு தாளில் அந்த எண் அகப்படும். எண் கிடைத்தால் கப்பலும் ஊரும் கிடைக்கும். குடும்பப் பெயரை வைத்துச் சாதியை ஊகிக்க முயல்வது வீண். கப்பலேறியவரின் ஒற்றைப் பெயரே பல வீடுகளில் இன்று குடும்பப் பெயராக நிற்கிறது.

சில பதிவேடுகளில் நிழற்படமும் உண்டு. பேரப்பிள்ளைகள் அதைப் பார்த்துக் கண்ணீர் விடுகிறார்கள். ஆனால் அந்தப் படம் அன்புக்காக எடுத்ததல்ல. 1867ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒப்பந்தம் முடிந்த கூலி தன் படம் ஒட்டிய சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஊர்சுற்றி என்று பிடித்து அடைப்பார்கள்.

சாதிக் கட்டமும் அப்படி வந்ததுதான். எந்தச் சாதி அடங்கி உழைக்கும் என்ற கணக்கு தோட்ட முதலாளிகளுக்கு இருந்தது. ஆள் பிடித்தவன் சொன்னதையோ, நின்றவர் சொன்னதையோ, தன் காதில் விழுந்ததையோ எழுத்தர் எழுதினார். தமிழர் என்பதற்குப் பதிலாக ‘மலபார்’ என்றுகூட எழுதினார்கள். சாதியை மாற்றிச் சொல்லிக் கப்பலேறவும் வழி இருந்தது. ஆகவே அந்தக் கட்டத்தை ரத்தப் பரிசோதனை முடிவு போலப் படிக்கக் கூடாது.

ஆனால் அதை மறைப்பதால் யாருக்கு லாபம்? எல்லாச் சாதியிலிருந்தும் ஆட்கள் போனார்கள் என்பது உண்மைதான். பண்ணையில் கட்டுண்டு கிடந்த நம் மக்கள் எதிலிருந்து தப்பிப் போனார்கள் என்பதும் உண்மை. 1843இல் அடிமைமுறைக்குச் சட்ட அங்கீகாரம் போனது. சேரியில் எதுவும் மாறிவிடவில்லை. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கை, பறையர்களின் குடிசை நின்ற மண்கூட மிராசுதாரரின் பிடியில் இருந்ததைக் காட்டியது. பஞ்சமி நிலம் பிறந்ததே அந்த அறிக்கையின் தொடர்ச்சியாகத்தான். சாதிக் கட்டத்தை அழித்துவிட்டால் பஞ்சமும் வறுமையும் மட்டுமே அவர்களைத் துரத்தியதாகக் கதை சொல்லிவிடலாம். ஊர் தப்பித்துக்கொள்ளும்.

நாங்கள் அந்த ஊரைத் தேடிப் போனோம். எழுத்தர் காதால் கேட்டு எழுதிய பெயர் ‘பாக்கம்’ என்று முடிந்தது. செங்கல்பட்டில் பாக்கங்களுக்குப் பஞ்சமா? மூன்று ஊர்கள் பொருந்தின. முதல் ஊரில் கோயில் திண்ணையில் இருந்த பெரியவர் அன்பாகத்தான் வரவேற்றார். இரண்டாவது கேள்வியாக, “நீங்க எந்தத் தெருக்காரங்க வகையறா?” என்று கேட்டார். ஆசிரியை தாளை நீட்டினார். படித்தவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “அப்ப காலனியில விசாரிங்க” என்றார். ஐந்து தலைமுறையும் ஒரு கடலும் தாண்டி வந்த பெண்ணுக்கு அந்த ஊர் காட்டிய வழி அதுதான்.

காலனியில் எங்களுக்குக் காபி வந்தது, பெஞ்சு வந்தது, கூட்டம் கூடியது. பாட்டனுக்கு மேல் பெயர் தெரிந்த வீடு அங்கே ஒன்றுகூட இல்லை. எப்படித் தெரியும்? நிலம் இருந்தவனுக்குப் பட்டா இருந்தது, கோயிலுக்குக் கொடுத்தவனுக்குக் கல்வெட்டு இருந்தது. இவர்களுக்கு என்ன தாள் இருந்தது? அந்தப் பிரதியை ஆளாளுக்கு வாங்கிப் பார்த்தார்கள். ஒரு கிழவி, “எங்க ஆளுக்கு உயரம்கூட எழுதி வச்சிருக்கானே” என்றார். கூலியை எண்ணிப் பூட்டிவைக்க வெள்ளைக்காரன் எழுதிய பதிவேடுதான், நம்மில் ஒருவருடைய பெயரையும் தகப்பன் பெயரையும் காப்பாற்றி வைத்திருக்கிறது. பூர்வீக ஊரில் அவரைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

இப்போது இந்தத் தேடல் பெருகுகிறது. மொரீசியஸில் ஏழாம் தலைமுறைக்கும் கடல்கடந்த இந்தியக் குடியுரிமை அட்டை உண்டு என்று 2024இல் அறிவித்தார்கள். தமிழ்நாடு அரசும் ‘வேர்களைத் தேடி’ என்று அயலகத் தமிழ் இளைஞர்களை அழைத்துவருகிறது. நல்லதுதான். கூடவே குலதெய்வம் கண்டுபிடித்துத் தருகிறேன், கௌரவமான வம்சம் எழுதித் தருகிறேன் என்று கிளம்பும் ஆட்களும் வருவார்கள். அந்த ஆசிரியையிடமே ஒருவர், கொஞ்சம் செலவழித்தால் ‘நல்ல சாதி’ ஊராகப் பார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்!

அரசுக்கு என் கோரிக்கை எளிமையானது. வருகிற பிள்ளைகளுக்குப் பெரிய கோயில்களைக் காட்டுங்கள், சேரியையும் காட்டுங்கள். சென்னையிலிருந்து போன கப்பல்களின் ஆட்பட்டியல்களைத் தீவுகளின் காப்பகங்களோடு சேர்ந்து தமிழில் தொகுத்து, எல்லோரும் இலவசமாகப் பார்க்க வையுங்கள். தீவுகளில் இருக்கும் சொந்தங்களுக்கும் ஒன்று சொல்வேன். அந்தக் கட்டத்தைப் படியுங்கள், மறைக்காதீர்கள். ஆனால் அதை வைத்துச் சங்கம் சேராதீர்கள், பெண் தேடாதீர்கள்.

மூன்றில் எது அவருடைய ஊர் என்று கடைசிவரை முடிவாகவில்லை. புறப்படும்போது, மூன்று காலனிகளிலும் அந்தத் தாளின் நகலைக் கொடுத்துவிட்டுப் போனார். “யாராவது ஒருவருக்கு அவர் தாத்தாவாக இருக்கலாம் இல்லையா, அண்ணா?” என்றார். இருக்கலாம்.